சாக்குத்துணியில் தைத்த காற்றுப்பை

விமான நிலையம் கெட்டது அவரால் அல்ல, உங்களால். அது உங்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடமாக அவர் பெயரைச் சொல்லி வருகிறீர்கள்.

நீங்கள் யார் என்று போடியில் எல்லோருக்கும் தெரியும். ஏலக்காய் மண்டி முதலாளி. விமான நிலையக் கமிட்டிக்குத் தலைவர். நான் உங்கள் மண்டியில் எழுத்து வேலை பார்த்தவன். உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் பெயரையும் எழுதவில்லை. அதை நீங்கள் வேண்டிய மட்டும் கெடுத்துவிட்டீர்கள். அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை மட்டும் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. கையெழுத்து நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கையெழுத்து செய்த கேடும் இதில் வரும்.

அவர் ராசிங்காபுரம் பக்கத்துச் சம்சாரி. கிணற்றோடு சேர்ந்த மூன்று ஏக்கர் இருந்தது. சோளமும் கடலையும் போடுவார். ஒல்லியான உடம்பு, கழுத்து மட்டும் நீளம். எதையும் எட்டி எட்டிப் பார்த்துத்தான் கழுத்து நீண்டுபோனது என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். ஐந்தாவது வரை படித்திருந்தார். எழுத்தை ஒவ்வொன்றாக, நாற்று நடுகிற மாதிரி ஊன்றி எழுதுவார்.

அவரிடம் ஒரே ஒரு குணம்தான் உண்டு என்று சொல்லலாம். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. கண்ணால் பார்க்காத எதையும் அவர் சொல்ல மாட்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். முக்கில் பஸ்சு ஆரன் அடிக்கும். யாராவது, "பஸ்சு வந்துருச்சாண்ணே?" என்பார்கள். நாம் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே தலையை ஆட்டிவிடுவோம். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து ரோட்டுக்குப் போய், கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "வருது. நம்ம ஊரு வண்டிதான்" என்பார்.

"ஏண்ணே, ஆரன் சத்தம் காதுல விழுகலயாக்கும்?" என்று டீக்கடைக்காரர் சீண்டுவார்.

"விழுந்துச்சு. அவரு சத்தத்துலயா ஏறிப் போகப் போறாரு?"

கடை முழுவதும் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது சிரிப்புக்கான விஷயம் இல்லை.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி சொல்லும்: "இந்த மனுசன்ட்ட குழம்புல உப்புப் போட்டுருக்கானு கேட்டுப் பாருங்க தம்பி. வாயில வச்சு முழுங்குனதுக்கு அப்புறமும் அடுப்படிக்கு எந்திரிச்சுப் போயி உப்புச் சட்டிய எட்டிப் பாத்துட்டு வருவாரு."

இது வேடிக்கையாக இருந்த காலம் உண்டு. வேடிக்கையாக இல்லாத காலமும் உண்டு.

அவருடைய அக்கா மகனுக்குப் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் தேவாரம் பக்கத்துக்காரர்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் வழியில் இவரைப் பிடித்துக்கொண்டார்கள். தாய்மாமன் என்று தெரிந்துதான் கேட்டார்கள். எந்தத் தாய்மாமனும் என்ன சொல்வான் என்று தெரியும் அல்லவா? சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார்கள்.

"பையன் எப்பிடிண்ணே? குடி கிடி உண்டா?"

"உண்டு. நான் ரெண்டு தடவ பாத்துருக்கேன். மூணாவது தடவையும் குடிச்சான்னு சொல்றாங்க. அத நான் பாக்கல."

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அக்கா இவர் வாசலுக்கு வந்து தலைவிரி கோலமாக நின்று மண்ணை வாரித் தூற்றியது. "பாக்காத மாதிரி இருந்துருக்கக் கூடாதாடா? ஒரே வயித்துல பொறந்தோமேடா!"

"பாத்துட்டேனேக்கா" என்றார். 

அந்தப் பையன் பிறகு குடியை விட்டுவிட்டான். வேறு ஊரில் பெண் எடுத்து நன்றாகத்தான் இருக்கிறான். அக்கா மட்டும் சாகும்வரை தம்பி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்று வரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா இறந்த அன்று அவர் சுடுகாடு வரை போய்விட்டு வந்து, மாட்டைக் கூட அவிழ்க்காமல் கிணற்று மேட்டில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். அதை நான் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசியில்தான் போடிக்கு விமான நிலையப் பைத்தியம் பிடித்தது. அரபு நாட்டுக்காரன் காப்பியில் ஏலக்காய் போட்டுக் குடிக்கிறான். நம் சரக்கு லாரியிலும் கப்பலிலும் ஏறி இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் காயின் பச்சை வெளுத்துவிடுகிறது. போடியிலிருந்தே பறந்தால் பச்சை குறையாமல் போகும். இதுதான் பேச்சு. நீங்கள் அச்சடித்துக் கொடுத்த நோட்டீசில் சர்வதேச விமான நிலையம் என்றே போட்டிருந்தீர்கள். ஜீப்பு ஸ்டாண்டில் டிரைவர்கள், "மாப்ளே, காலையில போடில கஞ்சியக் குடிச்சிட்டு மத்தியானம் துபாயில கையக் கழுவலாம்டா" என்று ஒருத்தனை ஒருத்தன் முதுகில் தட்டிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். நம்பாதவன் யார்?

இடத்தைப் பார்வையிட முதலில் ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். மண்டித் தாழ்வாரத்தில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். பக்கவாட்டில் பலமான காற்று அடித்தால் இறங்க முடியாது, தள்ளிவிடும். படத்தில் இரண்டு கோடு போட்டிருந்தார். ஒன்று கிழக்கு மேற்காக. மேற்கே போடிமெட்டு மலைப் பக்கமிருந்து ஆடியில் இறங்குகிற காற்றுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அந்தக் கோடு உங்கள் மாந்தோப்பின் நடுவில் போனது. இன்னொரு கோடு தெற்கு வடக்காக, ராசிங்காபுரம் பக்கத்துச் சம்சாரிகளின் சின்னச் சின்ன நிலங்களின் மேல் போனது. ஆடிக்காற்று உண்மையிலேயே பலம் என்றால் முதல் கோடுதான். அவ்வளவு பலம் இல்லை என்றால் எந்தக் கோடானாலும் சரி. மூன்று மாதம் காற்றைப் பார்த்து எழுதினால் தெரிந்துவிடும்.

ஒரு கம்பத்தை நட்டு உச்சியில் துணிப்பை கட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் திறந்த நீளமான பை. காற்று அடித்தால் பை நிமிரும். காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளையும் பையைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எந்தத் திசை, பை முழுசாக நிமிர்ந்ததா, பாதியா, தொங்குகிறதா. இதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார் அதிகாரி.

ஒரே குரலில் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். நீங்களும்தான் சொன்னீர்கள். "கழுத்த அறுத்தாலும் அந்த ஆளு பொய் எழுத மாட்டான் சார்" என்றீர்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

அவர் நிலம் இரண்டாவது கோட்டில் இருப்பது அதிகாரிக்குத் தெரிந்தது. "உன் நிலம் தப்பிக்கிற மாதிரி எழுதிட மாட்டியே?" என்று கேட்டார்.

"பை எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டு எழுதுறேன்யா. எனக்காக அது திரும்பாது."

அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "பை என்ன செய்யுதோ அதை மட்டும் எழுது. உனக்கு என்ன தோணுதுன்னு எழுத வேண்டாம்." அந்த மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

கம்பம் அவருடைய வயல் ஓரத்திலேயே நட்டார்கள். ஊர் அவருக்குக் காத்துப்பை என்று பேர் வைத்துவிட்டது. "என்ன காத்துப்பை, இன்னைக்கு யாரு பக்கம் அடிக்குது?" என்று ரோட்டில் போகிறவனெல்லாம் கேட்பான். அவர் நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். கேட்டவன் அதற்குள் பாதி தூரம் போயிருப்பான்.

வைகாசி முடிந்தது. ஆனி பிறந்ததும் காற்று இறங்கியது. பத்தே நாளில் சர்க்கார் கொடுத்த மெல்லிய துணிப்பை நார் நாராகக் கிழிந்துவிட்டது. மதினி தைத்துக் கொடுத்தது. மறுபடி கிழிந்தது. வேறு பை அனுப்பச் சொல்லிக் கமிட்டியின் சார்பில் நானே இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

அடுத்து நாங்கள் செய்ததைப் போடிக்காரன் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டான். எங்கள் ஊரில் எது கிழிந்தாலும் ஏலக்காய்ச் சாக்குதான். ஜீப்பு சீட்டு கிழிந்தால் சாக்கு, கதவு உடைந்தால் சாக்கு, மாட்டுக்குக் குளிர் என்றால் முதுகில் சாக்கு. மெட்டு வளைவுகளில் இடிபட்டு இறங்கினாலும் கிழியாத சாக்கு. "நம்ம மண்டில இல்லாத துணியா?" என்று நீங்கள் ஒரு கெட்டிச் சாக்கை எடுத்துக் கொடுத்தீர்கள். கோணி ஊசியால் சணல் நூல் போட்டுத் தைத்தார்கள். நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பத்தில் ஏற்றியபோது மண்டி ஆட்கள் விசில் அடித்தார்கள். "இனிமே பேய்க்காத்தே வந்தாலும் கிழியாதுடா!"

கிழியவில்லை. நிமிரவும் இல்லை.

சாக்கு கனம். ஆடியில் மலையிலிருந்து காற்றோடு சாரலும் வரும். சாரலைக் குடித்துக் குடித்துச் சாக்கு இன்னும் கனத்தது. வயலில் நிற்கிற சோளத்தட்டை தரையோடு படுக்கிறது. ஓலைக்கூரை பறக்கிறது. அந்தப் பை மட்டும் ஈரத் துண்டு மாதிரி கம்பத்தை ஒட்டித் தொங்குகிறது. எப்போதாவது பெரிய வீச்சு வந்தால் பாதி எழுந்து மறுபடி விழுந்துவிடும்.

ஒரு நாள் உங்கள் வேலையாக ராசிங்காபுரம் போயிருந்தேன். நடுப்பகல். அவர் கம்பத்தடியில் நோட்டோடு நிற்கிறார். வேட்டி காலில் நிற்காமல் படபடவென்று அடிக்கிறது. ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் நோட்டையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் மண் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதுகிறார். எட்டிப் பார்த்தேன். தொங்கல் என்று எழுதியிருந்தார்.

"என்னண்ணே இது! ஆளையே தூக்குது. தொங்கல்னு எழுதுறீக?"

"பையப் பாரு தம்பி."

"பை கெடக்கட்டும்ணே. உங்க வேட்டியப் பாருங்க!"

"பை என்ன செய்யுதுன்னுதான் எழுதச் சொல்லிருக்காரு. வேட்டி என்ன செய்யுதுன்னு கேக்கல."

"அப்ப இது பொய்யில்லயா?"

இந்தக் கேள்வியில் அவர் முகம் விழுந்துவிட்டது. "பையி தொங்குதுங்கிறது பொய்யில்ல தம்பி. ஆனா இத மட்டும் எழுதுனா அது பொய்யாப் போயிரும்போல இருக்கு" என்றார்.

மறுநாளே உங்கள் மண்டிக்கு வந்தார். நீங்கள் சாய்மானத்தில் உட்கார்ந்து சரக்கு பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளங்கையில் காயை உருட்டிக்கொண்டே கேட்டீர்கள்.

"என்னய்யா?"

"மொதலாளி, சாக்கு கனமா இருக்கு. மெல்லிசுத் துணியா ஒண்ணு தாங்க. பையி எந்திரிக்க மாட்டேங்குது."

"எந்திரிக்கலேன்னா காத்து இல்லேன்னு அர்த்தம். எழுதிட்டுப் போ."

"காத்து இருக்கு மொதலாளி."

"அப்ப பையி எந்திரிச்சிருக்கும்ல? ஏன்யா, நீதான பாக்காதத சொல்ல மாட்ட. இப்ப பையப் பாத்தியா, காத்தப் பாத்தியா?"

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்றுதான் உங்களுக்கு விஷயம் பிடிபட்டது என்று நினைக்கிறேன். சாக்கு கொடுத்தபோது உங்கள் மனசில் கள்ளம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது எங்கள் எல்லோருக்கும் ஒரே புத்திதான். ஆனால் சிரித்து முடித்ததும் நீங்கள் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்றீர்கள். ரொம்ப நேரம் நின்றீர்கள். அதற்குப் பிறகு மெல்லிய துணி பற்றி யாரும் பேச்செடுக்க விடவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. மதினியின் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்துக் கம்பத்தில் பைக்குக் கீழே கட்டினார். சேலைத் துண்டு கிழக்கே பார்த்து விறைத்து நிற்கும். அதற்கு மேலே சாக்கு தொங்கும். ரோட்டில் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான். "பொண்டாட்டி சேலைய கொடி ஏத்திட்டான்டா காத்துப்பை!" மதினி இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. "அந்தக் கண்டாங்கிய நான் இன்னும் ரெண்டு வருசம் கட்டிருப்பேன். அதுல பாதி கம்பத்துல நிக்குது, பாதி ஊரு வாயில நிக்குது" என்று என்னிடம் புலம்பியது.

அன்றிலிருந்து நோட்டின் ஓரத்தில் மூன்று வேளையும் குறிப்பு எழுதினார். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். "பை தொங்கல். பை சாக்குத் துணி, கனம், ஈரம். சேலைத் துண்டு முழுசு. மேற்குக் காத்து." ஆடி முழுவதும், ஆவணி பாதிவரை இதே குறிப்பு. நாளுக்கு மூன்று தரம். ஒரு நாள் விடவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. நோட்டு உங்கள் கைக்கு வந்தது. சர்க்காருக்கு அனுப்ப அச்சடித்த பாரத்தில் நல்ல கையெழுத்தில் படி எடுக்க வேண்டும். என்னிடம் கொடுத்தீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆட்கள் கண் அயர்ந்திருந்த நேரம்.

"மொதலாளி, ஓரத்துல குறிப்பு எழுதிருக்காரே, அத எங்கிட்டு எழுத?"

"பாரத்துல அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல."

"இல்லேல்ல? அப்ப விட்ரு. வெரசா முடி, தபாலுக்கு நேரமாச்சு."

விட்டுவிட்டேன். எனக்குப் புரியாமல் இல்லை. குறிப்பை எடுத்துவிட்டால் ஆடி மாதம் முழுவதும் தொங்கல், தொங்கல், அரை, தொங்கல் என்று நிற்கிறது. அதைப் படிக்கிறவன் போடியில் ஆடியில் காற்றே இல்லை என்றுதான் நினைப்பான். எழுதும்போதே தெரிந்தது. அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். இதற்கு மேல் எனக்குச் சொல்ல நியாயம் ஏதும் இல்லை. உண்மை நகல் என்று அடியில் எழுதி வைத்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். எனக்காகவே காத்திருந்தார்.

"படி எடுத்தாச்சா தம்பி?"

"எடுத்தாச்சுண்ணே."

"ஓரத்துல எழுதுனதெல்லாம்?"

"எல்லாம் எழுதிட்டேன்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உப்புச் சட்டியை எட்டிப் பார்க்கிற மனிதர், ஆரன் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிற மனிதர், அந்தப் படியைக் காட்டு என்று கேட்கவில்லை. "சரி, நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றார். பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து அவர் பார்க்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

மற்றது ஊரறிந்த கதை. இரண்டாவது கோடு முடிவானது. உங்கள் மாந்தோப்பு தப்பித்தது. ராசிங்காபுரம் பக்கத்துச் சம்சாரிகளுக்கு நோட்டீஸ் வந்தது. கிணறுகளை மண் போட்டு மூடினார்கள். புளியமரங்களை வெட்டினார்கள். அவர் கிணற்றை மூடிய அன்று அவரும் மதினியும் கரையில் நின்றார்கள். மதினி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டது. அவர் ஒவ்வொரு லோடு மண்ணும் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி லோடு விழும்வரை அங்கிருந்து நகரவில்லை.

செம்மண்ணும் சரளையும் கொட்டித் தெற்கு வடக்காக ஓடுபாதை போட்டார்கள். வெள்ளோட்டத்துக்கு ஒரு சின்ன விமானம் வந்தது. அதையும் ஆடியில்தான் வைத்தீர்கள். மேளம், மாலை, பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடி. விமானம் வடக்கேயிருந்து வந்து தாழ்ந்தது. பாதையின் மேலே வந்ததும் பக்கவாட்டில் பலமாகத் தள்ளியது. ஓர் இறக்கை சாய்ந்தது. பிள்ளைகள் அலறின. மேலே எழும்பி ஒரு சுற்று சுற்றி மறுபடி வந்தது, மறுபடி தள்ளியது. அப்படியே கிழக்கே பார்த்துப் போய்விட்டது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். அதற்குப் பிறகு எந்த விமானமும் வரவில்லை.

கூட்டம் யார் மேலாவது விழ வேண்டும் அல்லவா? அவர் மேல் விழுந்தது. அதற்கு நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதுமானதாக இருந்தது. "காத்து இல்லேன்னு எழுதிக் குடுத்தது யாரு? அவனக் கேளுங்க."

நிலம் போன சம்சாரிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் பக்கத்து வயல்காரர்கள், மாமன் மச்சான்கள். ஒருத்தர் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். "நீ எழுதுன காத்துதானய்யா இது? தொங்கல்னு நீதான எழுதுன?"

"ஆமா. நான்தான் எழுதுனேன்."

"அப்ப எங்க மண்ண நீதான தின்ன?"

"குறிப்பும் எழுதிருக்கேன். நோட்ட எடுத்துப் பாருங்க" என்றார்.

"நோட்டு எங்க?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டார்கள். சர்க்காருக்குப் போய்விட்டது என்று சொன்னீர்கள். சர்க்காருக்குப் போனது என் கையெழுத்தில் இருந்த படி மட்டும்தான். அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். கழுத்தை நீட்டித் தேடினார். நான் ஒரு ஜீப்புக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஆனால் கூப்பிடவில்லை.

பிறகு ஊரில் யாரும் அவரோடு பேசவில்லை. நல்லது கெட்டதுக்குச் சொல்லவில்லை. தன் நிலமும் அதில்தானே போனது என்று யாராவது யோசித்தார்களா? அவருக்குத் தனியாக ஏதோ கிடைத்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மதினியைக் கூட்டிக்கொண்டு மெட்டு தாண்டி ஓர் எஸ்டேட்டுக்குப் போனார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. அங்கேயும் அடுப்புச் சூட்டைக் கேட்டால் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். புகையில் கிடந்து நெஞ்சு கெட்டது. நான்கு வருடத்தில் ஜீப்பில் அவர் உடல் மெட்டு இறங்கி வந்தது. ஊரில் எட்டுப் பேர் வந்தார்கள். நானும் போனேன். வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு நாள் பேசாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் பேசினீர்கள். "படிப்பு ஏன் முக்கியம் தெரியுமா பிள்ளைகளே? படிக்காத ஒருத்தன் காற்றைத் தப்பா எழுதினதால இந்த ஊருக்கு வர இருந்த விமான நிலையம் போச்சு" என்றீர்கள். கைதட்டினார்கள். நான்காவது வரிசையில் மதினி உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியாது. அந்தப் பள்ளியில்தான் பேத்தி படிக்கிறாள், அன்று பாட்டுப் பாட இருந்தாள். கிழவி பாட்டு முடியும்வரை எழவில்லை. முதுகை நிமிர்த்தி அப்படியே உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்ததும் நான் போய் நின்றேன். மதினி சொன்னது: "அவரு இருந்திருந்தா, 'ஆமா, நான்தான் எழுதுனேன்'னு எந்திரிச்சிருப்பாரு தம்பி. நல்ல வேள, செத்துட்டாரு."

அங்கேயே ரோட்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாரத்தில் கட்டம் இல்லாததை, நான் விட்டதை, எழுதிட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னதை. மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாம் எழுதிட்டான்னு அவரு எங்கிட்டச் சொன்னாரு. சாகுற வரைக்கும் அதத்தான் சொன்னாரு. ஒன்னயக் குத்தம் சொல்ல விடல" என்றது. பிறகு, "பிள்ளைய நாளைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பணும். எங்கன கொண்டுபோய் இவ மூஞ்சிய வைக்கச் சொல்ற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது. தன் தாத்தாவால் ஊர் கெட்டது என்று அவள் படிக்கப் போகிறாள். நீங்கள் இருக்கும்வரை நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் போன பிறகும் ஊர் சொல்லும். அதை நிறுத்த இப்போது உயிரோடு இருப்பது நாம் இரண்டு பேர்தான். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். இதை அச்சில் போட்டு வீடு வீடாகக் கொடுக்கப் போகிறேன். நிலம் போன குடும்பங்களுக்கு முதலில் கொடுப்பேன். அவர்கள் என் முகத்தில் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இனி உங்கள் பங்கு. ராசிங்காபுரம் மந்தைத் திடலில், நிலம் இழந்தவர்களையும் மதினியையும் முன்னால் உட்கார வைத்து, நீங்கள் எழுந்து நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மெல்லிய துணி கேட்டு அவர் உங்களிடம் வந்தாரா, இல்லையா? குறிப்பை விடச் சொன்னது நீங்களா, இல்லையா? அவர் எழுதிய நோட்டு இன்று யார் வீட்டில் இருக்கிறது?

ஆள் அனுப்பாதீர்கள், என் வீட்டுக்கு வந்து சமாதானம் பேசாதீர்கள். நேரில் வந்து ஊர் முன்னால் சொல்லுங்கள்.